ஜிபெக்கின் பெயரில்

கரகோலிலிருந்து ஏரிக்குப் போகும் சாலையில் மலையாரின் இரும்புப் பட்டறை இருக்கிறது. மலையார் என்பது அவருடைய பெயர் இல்லை. அவருடைய தம்பி மனைவி ஜிபெக் அவருக்கு வைத்த பெயர். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கெலினாக, அதாவது மருமகளாக, வந்தவள் கணவனுக்கு மூத்த ஆண்களின் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். மாமனார் செத்து மண்ணுக்குள் போயிருந்தாலும் அவர் பெயரையும் சொல்ல மாட்டாள். ஆனால் ஆளைக் குறிப்பிட்டாக வேண்டுமே? அதற்காகக் கெலின்கள் ஆளுக்கொரு பெயரைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஜிபெக்கின் மூத்தார் வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. அதனால் மலையார். கதை அவளுடையது என்பதால் நாமும் இப்போதைக்கு அப்படியே சொல்லிவிட்டுப் போவோம். அவளை முந்திக்கொண்டு நாம் பெயரை உளறுவது மரியாதை இல்லை.

ஜிபெக் தலைநகரான பிஷ்கெக்கில் கட்டட வரைவு படித்தவள். அங்கேயே ஒரு பெரிய அலுவலகத்தில் வேலையும் பார்த்தாள். ஒவ்வொருவருக்கும் தனி நாற்காலி, தனிக் கோப்பை, கம்ப்யூட்டருக்குள் தனி அக்கவுண்ட். யார் கோடு போட்டாலும் அவரவர் பெயரில் விழும். அது ஒரு பெரிய விஷயம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. ஒருமுறை ஊருக்குப் போன வாடகைக் காரில் தன் வரைபடச் சுருளை மறந்துவிட்டாள். டிரைவர் எர்மெக் பாதி தூரம் திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். எர்மெக் நல்லவன். நல்லவன் என்பதைத் தாண்டி அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்பதுதான் பின்னால் அவளுக்கு வந்த வினை.

கரகோலுக்கு வந்ததும் மலையார் அவளைப் பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். அதுவரை அவர் கதவும் கிராதியும் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வரைந்து செய்துகொண்டிருந்தவர். படித்த கெலின் வந்தபிறகு கூரை, பசுமைக்குடில், பேருந்து நிழற்குடை என்று பெரிய வேலைகள் வந்தன. பெரிய வேலைக்கு முறையான வரைபடம் வேண்டும், அதில் பட்டம் பெற்றவரின் கையெழுத்து வேண்டும். இணையத்தில் இயங்கும் வரைபட மென்பொருள் ஒன்றை ஜிபெக் காட்டினாள். வரைபடம் நம் கம்ப்யூட்டரில் இருக்காது, எங்கேயோ இருக்கும், எந்த ஊரிலிருந்தும் திறக்கலாம் என்று சொன்னாள். மலையாருக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் ஆளுக்கொரு அக்கவுண்ட் என்றதும் முகம் சுளித்தார்.

"ஒரு வீட்டுக்கு எத்தன சாவி செய்வ? ஒண்ணு போதும். உன் பேர்லயே வாங்கு. நீதானே படிச்சவ."

அவளுக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. திரையின் மூலையில் அவள் பெயர் பளிச்சென்று நின்றது. பாஸ்வேர்டை மலையாரே தட்டினார், ஒற்றை விரலால், நாக்கைக் கடித்துக்கொண்டு. தன் பெயரையே வைத்தார்.

அதிலிருந்து பட்டறைக்கு அது ஒரு நிரந்தர வேடிக்கை ஆகிவிட்டது. அளவு பார்க்க வரும் வெல்டர் கேனா தெரிந்துகொண்டே கேட்பான்.

"அக்கா, பாஸ்வேர்ட் என்னக்கா? மறந்து போச்சு."

"நகரு, நானே அடிக்கிறேன்."

"வாயால சொன்னாத்தான் என்ன? வாய் வெந்துடுமா?"

"உன் காது வெந்துடும். நகரு கேனா, வேலை கெடக்கு."

அவள் விரல்கள் அந்தப் பெயரை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை தட்டின. நாக்கு மட்டும் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. அவள் அதைக் கஷ்டமென்றும் நினைக்கவில்லை. உங்கள் பாட்டியோ அம்மாவோ தாத்தா பெயரைச் சொல்லாமலேயே ஒரு முழு ஆயுளை ஓட்டவில்லையா, அப்படித்தான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. அது எதையும் மறக்காது. ஒரு துளையைப் பெரிதாக்கினாலும், ஒரு கம்பியை அழித்தாலும், இன்னார் இந்த நேரத்தில் இதைச் செய்தார் என்று வரலாறு என்ற பகுதியில் ஒரு வரி விழும். பிடிக்கவில்லையென்றால் அன்டூ செய்யலாம். நேற்றைக்கு இருந்தபடி வேண்டுமென்றால் முழு வரைபடத்தையும் நேற்றைக்கே கொண்டுபோகலாம். ஆனால் கொண்டுபோனது யார் என்றும் ஒரு வரி விழும். அந்தப் பட்டறையில் யார் எதைத் தொட்டாலும் ஜிபெக் தொட்டதாகவே விழுந்தது. கேனா தெரியாமல் ஒரு கதவைத் தலைகீழாகத் திருப்பிய அன்று, ஜிபெக் திருப்பியதாக விழுந்தது. மலையார் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்துக்கொண்டு ஃபோனில் எதையாவது நோண்டினால், ஜிபெக் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்ததாக விழுந்தது.

"பாய்கே, எல்லாமே என் பேர்ல விழுது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மூத்த ஆணை நேரில் அப்படி அழைப்பதில் தவறில்லை, அது அண்ணன் என்பது போலத்தான்.

"நல்லதுதானே! உழைப்பாளின்னு கம்பெனிக்காரன் உனக்குப் பதக்கம் அனுப்புவான்."

பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். அவருக்கு அந்த வரலாற்றைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருந்ததை அவள் கவனித்திருந்தாள். பழைய நிலைக்குத் திரும்பினால் நடுவில் நடந்ததெல்லாம் அழிந்து போய்விடும் என்று அவர் நம்பினார், தரையில் சுண்ணாம்பைக் காலால் அழிக்கிற மாதிரி. அப்படி இல்லை என்று திருத்தலாம்தான். ஆனால் மூத்தாரைத் திருத்தும் கெலினை அந்த ஊர் இன்னும் பார்க்கவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு சின்னச் சந்தைக்குக் கூரை போடும் வேலை வந்தது. ஜிபெக் வரைந்துகொண்டே போனவள், முன்பக்கம் பலம் போதாது என்று கண்டுகொண்டாள். கரகோல் பனி எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பெய்ய ஆரம்பித்தால் ஆட்டு மந்தையையே மூடிவிடும். முன்பக்கத் தூண்களுக்கு நடுவே குறுக்குத் தாங்கல்கள் வேண்டும். ஆனால் அந்த இடத்தில் மலையார் கனத்த தகட்டில் ஒரு ஜோடி ஆட்டுக்கடாக் கொம்பு வரையச் சொல்லியிருந்தார். சந்தைக்காரனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி கொம்பு என்று. ஜிபெக் கொம்பை எடுத்தாள், தாங்கல்களைப் போட்டாள், மலையாரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினாள். மறுநாள் நாத்தனார் பிள்ளைக்குக் கால்கயிறு வெட்டும் விருந்து. குழந்தை நடக்க ஆரம்பித்ததும் காலில் நூல் கட்டி, ஓடி வந்து வெட்டுவார்கள். கிராமமே வரும். வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றுவது கெலினின் வேலை.

விருந்தன்று அவள் சமோவார் என்ற வெந்நீர்க் கலத்தின் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கிண்ணம் கிண்ணமாக வந்தது, ஊற்றி ஊற்றி அனுப்பினாள். மதியத்துக்கு மேல் மலையார் வந்து சேர்ந்தார். குதிரை இறைச்சித் தட்டின் முன் உட்கார்ந்து, அவள் நீட்டிய கிண்ணத்தை வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"உன் கம்ப்யூட்டர் என் கொம்பத் தின்னுடுச்சு, பாத்தியா? விடுவேனா? திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

அவர் கொம்பை மறுபடி எங்கோ வரைந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். எங்கே என்று கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த வரிசையிலிருந்து கிண்ணங்கள் வந்தன. கேட்கவில்லை. அவர் எதையும் வரையவில்லை, முழு வரைபடத்தையும் அவள் தாங்கல் போடுவதற்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறார், கொம்பு வந்தது, தாங்கல்கள் போயின என்பது அவளுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அவர் கொம்பை மட்டும்தான் பார்த்தார். அடுத்த வாரம் அச்சடித்த தாள்களை அவர் கொண்டுவந்து மேசையில் போட்டபோது, தான் வரைந்ததுதானே என்று மேல்தாளைப் பார்த்துவிட்டுக் கட்டு முழுவதிலும் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தப்பு அவளுடையதுதான். அதை அவள் யார் தலையிலும் கட்டவில்லை.

முதல் பெரும்பனி விழுந்த காலையில் சந்தைக் கூரையின் முன்பக்கம் சரிந்தது. நேரமாகியிருந்தால் கூட்டம் இருந்திருக்கும். கடை திறக்க முந்தி வந்தவள் ஷரிபா மட்டும்தான். குளிர்ந்த நூடுல்ஸும் காரமும் புளிப்பும் கலந்த ஆஷ்லான்ஃபூ விற்கும் துங்கான் இனப் பெண். ஜிபெக் காரம் கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது அவளிடம்தான். கொம்பு அவள் இடுப்பின் மேல் விழுந்தது. தகவல் கேட்டு ஓடிப்போன மலையார்தான் தகட்டைத் தன் தோளால் தூக்கிப் பிடித்து அவளை வெளியே இழுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஜிபெக்குக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அன்று பட்டறைக்குப் போய் வரலாற்றைத் திறந்தாள். தாங்கல்கள் சேர்ப்பு, ஜிபெக். அதற்கு மேலே, விருந்து நாளில்: முழு வரைபடம் பழையபடி ஆக்கப்பட்டது, ஜிபெக். அந்த நேரத்தில் அவள் சமோவார் பக்கத்தில் இருந்தாள் என்பதற்கு ஒரு கிராமமே சாட்சி. ஆனால் அத்தனை பேரும் மலையாருக்குச் சொந்தம். தவிர, கிண்ணத்தை வாங்கிக்கொண்டவர்களில் எவர் ஊற்றியவளின் முகத்தைப் பார்த்தார்?

மறுநாள் ஷரிபாவைப் பார்க்கப் போனாள். ஷரிபா கட்டிலில் அசையாமல் கிடந்தாலும் வாய் மட்டும் கிடக்கவில்லை.

"வாடி, காரக்காரி. நீதான் வரைஞ்சேன்னு ஒருத்தி வந்து சொல்லிட்டுப் போறா. போடி பைத்தியம்னு அனுப்பிட்டேன். அவ நூடுல்ஸையே ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்துத் தின்றவ, அவளா இப்படி வரைவாள்னு கேட்டேன்." பிறகு அவளே கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "நீ இல்லதானே?"

ஜிபெக்கால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இல்லை என்றால் அடுத்த கேள்வி யார் என்பது. தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் கூட்டம் கூடியது. மாமியார், எல்லோரும் அபா என்று அழைப்பவர், பெரியவர்களுக்கான இடத்தில். மலையார் அவர் பக்கத்தில். எர்மெக் கதவோரம். ஜிபெக் வழக்கம்போல் சமோவார் பக்கத்தில். அவளைப் பற்றிய பேச்சு, அவள் ஊற்றிய தேநீரைக் குடித்தபடி நடந்தது.

"வக்கீல பாத்தேன்" என்றார் மலையார். "கெலின் பேர்லதான் எல்லாம் இருக்குன்னான். அவளே ஒத்துக்கிட்டா, பொம்பள, சின்னப் புள்ள இருக்கு, வேணும்னு செய்யலன்னு சொல்லி தண்டனைய நிறுத்தி வெச்சுடுவாங்களாம். உள்ள போக வேண்டியதில்ல. என்னப் புடிச்சா பட்டறைய பூட்டுவாங்க. அதுல எத்தன வீட்டு அடுப்பு எரியுது?"

"நான் இனிமே வரைய முடியாது பாய்கே" என்றாள் ஜிபெக். "கையெழுத்துப் போடுற உரிமைய எடுத்துடுவாங்க."

"வரையாட்டி என்ன இப்போ? சோறா இல்ல இந்த வீட்டுல?" என்றார் அபா. கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"விருந்து அன்னிக்கு நான் பட்டறையிலயே இல்ல அபா. உங்க பக்கத்துலதான் ஊத்திக்கிட்டு இருந்தேன்."

அபா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஞாபகம் இல்ல மகளே. கூட்டம் அன்னிக்கு."

ஜிபெக் கணவனைப் பார்த்தாள். எர்மெக் தொண்டையைச் செருமினான். "அண்ணன் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு ஜிபெக்."

"என்ன இது?"

"ஒரு... இது. சரி, வண்டிக்கு டீசல் போடணும். இருட்டறதுக்குள்ள போய்ட்டு வந்துடறேன்."

மலையார் கிண்ணத்தை நீட்டினார். அவள் வாங்கி ஊற்றினாள். அந்த ஊரில் தேநீரைக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். குறைய ஊற்றினால்தான் மறுபடி நீட்டுவார், இன்னும் கொஞ்சம் உட்காருவார். விளிம்புவரை நிரப்பினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். ஜிபெக் வேண்டுமென்று செய்தாளா, கை தன்போக்கில் போயிற்றா, அவளுக்கே தெரியாது. கிண்ணம் தளும்பியது. மலையார் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அபா மெதுவாக அதை அவர் கையிலிருந்து வாங்கி, பாதியைத் தன் கிண்ணத்தில் கவிழ்த்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"பிள்ள களைச்சுப் போயிருக்கா" என்றார்.

அத்தோடு முடிந்தது. அவள் சம்மதித்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சொல்லப்போனால் அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வேறு எங்கே போவது? பிறந்த வீட்டுக்குத் திரும்பிய கெலினை அவள் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். மகன் அடில் இந்த வீட்டுப் பிள்ளை, விட மாட்டார்கள். வேலை இந்த வீட்டுப் பட்டறையில். கணவன் இந்த வீட்டுத் தம்பி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அதிலும் அவர் அன்பாக நின்றதுதான் அவளுக்கு மூச்சு முட்டியது. அவளுக்குப் பிடித்த ஆப்ரிகாட் பழ வற்றலை ஒரு பை வாங்கி வந்து அடுப்படியில் வைத்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல் போனார்.

விசாரணை அதிகாரி சமத் என்பவர். அலுவலகத்தில் சூடேற்றும் குழாய் கொதித்துக்கொண்டிருந்ததால், வெளியே உறைபனி இருந்தும் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் வக்கீல் தட்டித் தந்த வாக்குமூலம் இருந்தது. கவனக்குறைவால் தாங்கல்களை நீக்கினேன் என்று ஜிபெக் சொல்வதாக அதில் இருந்தது. பக்கத்தில் குரல் பதிவு செய்யும் கருவி சிவப்புப் புள்ளியோடு ஓடிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துக்கு முன்னாடி அந்த வரைபடத்த ஒருதடவ காட்டிடுங்க தங்கச்சி" என்றார் சமத். "எனக்கும் புரியணும்ல. பாஸ்வேர்ட் என்ன?"

"நானே அடிக்கிறேன்."

விரல்கள் தட்டின. கூரை திரையில் எழுந்து நின்றது, முகப்பில் கொம்போடு. ஓரத்தில் வரலாறு. அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்டார், அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். விருந்து நாளின் வரியில் அவர் விரல் வந்து நின்றது.

"இதுவும் நீங்கதான்?"

"என் பேர்தானே இருக்கு."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவளும் பேனாவை எடுத்தாள். எடுத்தவள், கடைசியாக ஒருமுறை என்று திரையைப் பார்த்தாள்.

கொம்பு மறைந்தது.

அவள் கையில் பேனா. அவர் கைகள் தேநீர்க் கோப்பையைச் சுற்றி. கம்ப்யூட்டரை இருவரும் தொடவில்லை. கொம்பு இருந்த இடத்தில் குறுக்குத் தாங்கல்கள் வந்து நின்றன, அவள் அன்று வரைந்தபடியே, ஒரு மயிரிழை பிசகாமல். வரலாற்றின் உச்சியில் ஒரு புது வரி விழுந்தது: முழு வரைபடம் பழையபடி ஆக்கப்பட்டது, ஜிபெக், இப்போது.

சமத் கோப்பையை வைத்தார். எழுந்து வந்து திரைக்கு முன் குனிந்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"நீங்க இங்க இருக்கீங்க."

"ஆமா."

"அப்போ இந்த ஜிபெக் யாரு?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டறையில் மலையார் ஒற்றை விரலோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பழசுக்குத் திரும்பினால் நடுவில் நடந்தது அழிந்துவிடும் என்று நம்பி, அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"எங்க வீட்டுப் பெரியவர்" என்றாள்.

"பேரு?"

அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரரோட அண்ணனா?" சமத்தின் குரல் தணிந்தது. "புரியுது. எங்க அம்மா எங்க பெரியப்பாவ சாகுறவரைக்கும் குதிரக்காரர்னுதான் சொன்னாங்க. அவர்கிட்ட குதிரையே கெடையாது. நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"மலையார்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மலையார வரவழைக்கன்னு நான் உத்தரவு போட்டா என் மேலதிகாரி என்னை மலைக்கே அனுப்பிடுவாரு."

"எழுதித் தரட்டுமா?"

அவர் சிவப்புப் புள்ளியைக் காட்டினார். "ஓடுது தங்கச்சி. நான் கேட்டது அதுல விழுந்தாச்சு. நீங்க சொல்றதும் விழணும். இல்லன்னா இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க. அதுக்கும் நான் தடை சொல்ல மாட்டேன். எனக்கு ரெண்டுல ஒண்ணு வேணும்."

திறந்த சன்னல் வழியே பனிக்காற்று வந்து தாளைத் தூக்கியது. அவள் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். சொன்னால் இன்று மாலை எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது? அபா கதவைத் திறப்பாரா? எர்மெக் மறுபடி டீசல் போடக் கிளம்பிவிடுவான். அடிலைக் கண்ணில் காட்டுவார்களா? சொல்லாவிட்டால், அந்த வீட்டுக் கதவு என்றைக்கும் திறந்திருக்கும், அவள் உள்ளேயே இருப்பாள், கடைசிவரை கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு. ஷரிபா மட்டும் ஒவ்வொருமுறை பார்க்கும்போதும் கண்ணைச் சுருக்குவாள். நீ இல்லதானே?

"துராத்பெக்" என்றாள்.

மெதுவாகத்தான் வந்தது. தன் குரலை அவளே வேறு யாரோ பேசியதுபோலக் கேட்டாள்.

"தகப்பன் பேரு?"

அதுவும் சொல்லக் கூடாத பெயர். செத்தவருடையது. "காசிமாலி" என்றாள். உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள், பிறகு கையை எடுத்துவிட்டு முழுவதுமாகச் சொன்னாள். "காசிமாலி மகன் துராத்பெக். அந்தப் பாஸ்வேர்டும் அதுதான். அவரு பட்டறையில இருக்காரு. விருந்து அன்னிக்கும் அவருதான். வேணும்னு செய்யல. அதையும் எழுதிக்குங்க. தாளப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான். அதையும் எழுதிக்குங்க."

சமத் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் ஃபோன் மேசைமேல் துடித்தது. திரையில் மலையார் என்று வந்தது. சமத் தலையசைத்தார். அவள் எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கெலின்! கையெழுத்துப் போட்டுட்டியா?" பட்டறை இரைச்சலுக்கு மேல் அவர் கத்தினார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஒண்ணும் பயப்படாத. நான் இங்க எல்லாத்தையும் பழையபடி ஆக்கிட்டேன். கம்பி எல்லாம் வந்துடுச்சு. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு!"

"பாத்தோம், துராத்பெக் பாய்கே" என்றாள் ஜிபெக். "இங்க நானும் ஐயாவும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ எதையோ அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஐயா யார், என்ன பார்த்தீர்கள் என்றெல்லாம் அவர் கேட்பார் என்று சமத் காத்திருந்தார். அவர் அதைக் கேட்கவில்லை.

"இப்ப நீ என்னைய என்னன்னு கூப்புட்ட?" என்றார்.